ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
(ஒரு சிறு விளம்பர ஏஜென்ஸியின் ஒப்பந்த அனுபவங்கள்)

மும்பைக்குப் பிழைப்புத் தேடி வந்த நம் முந்தைய தலைமுறையினருக்கு ஒப்பந்தம் என்ற சொல்லோடு அதிகப் பழக்கம் இருந்ததில்லை. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு ரயிலேறி வந்தார்கள். கோட்டைப் பகுதியிலும் பல்லார்ட் எஸ்டேட்டிலும் இருந்த கம்பெனிகளில் வேலைக்கு அமர்ந்தார்கள். நியமனக் கடிதம் ஒன்றே பலர் தம் வாழ்நாளில் கையொப்பமிட்ட ஒரே ஒப்பந்தம். அதன் பிறகு மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. ஓய்வு பெறும் நாள் வரையில் அந்த ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்பட்டு வந்தது. என் தந்தையாரும் அவ்விதம் வாழ்ந்தவர்தாம். 35 ஆண்டுகள் ஒரே அலுவலகம், ஒரே நாற்காலி. காலையில் மாட்டுங்கா நிலையத்தில் ஒரே ரயில்.

இன்று நம்மவர் வீடுகளில் நிலைமை வேறு. பிள்ளைகளிற் பலர் சம்பளத்துக்கு அமராமல் சொந்தமாகச் சிறு தொழில் நடத்துகிறார்கள். ஒருவர் குளிர்சாதனக் கருவிகளைப் பராமரிக்கிறார். ஒருவர் கணக்கெழுதித் தருகிறார். ஒருவர் அலுவலகங்களுக்கு மதிய உணவு அனுப்புகிறார். ஒருவர் கணினி வேலை செய்து தருகிறார். இவர்கள் அனைவருக்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. இவர்களுடைய பிழைப்பு ஆண்டுக்கு ஒரு முறை முடிவடைந்து, ஆண்டுக்கு ஒரு முறை மறுபடியும் தொடங்க வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் அடுப்பெரியும்; இல்லாவிடில் இல்லை. அந்தப் புதுப்பித்தலைக் கவனியாமல் விட்டு நான் பட்ட பாட்டையும், அதிலிருந்து கற்றுக்கொண்டவற்றையும் நம் அன்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எங்கள் தொழில்

மும்பை விளம்பரத் தொழிலுக்குப் பழைய ஊர். கிர்காம் பகுதியில் பி. தத்தாராம் கம்பெனி 1905 ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. வெளிநாட்டுப் பெரிய ஏஜென்ஸியான ஜே. வால்டர் தாம்ஸன் 1929 இல் இங்கே கிளை திறந்தது. அத்தகைய பெரிய ஸ்தாபனங்களில் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்ளத் தனி வழக்கறிஞர்கள் இருப்பார்கள். எங்களைப் போன்ற சிறு ஏஜென்ஸிகளில் படம் வரைபவர், வாசகம் எழுதுபவர், பில் போடுபவர், பாக்கி கேட்டுத் தொலைபேசியில் கெஞ்சுபவர் எல்லாரும் ஏறக்குறைய ஒருவரே.

எங்கள் ஏஜென்ஸியில் எட்டுப் பேர் வேலை செய்கிறோம். இந்தியிலும் ஆங்கிலத்திலும் தயாராகும் விளம்பரங்களைத் தமிழிலும் மற்றத் தென்னக மொழிகளிலும் எழுதித் தருவது எங்கள் முக்கியமான வேலை. சோப்பு, மசாலைத் தூள், சமையல் எண்ணெய், வங்கிச் சேமிப்புத் திட்டம் ஆகியவற்றைச் சென்னையிலும் மதுரையிலும் விற்க வேண்டுமென்றால் நேர் மொழிபெயர்ப்பு உதவாது. வீட்டில் பேசும் தமிழில் சொல்ல வேண்டும். அந்தத் தமிழை நாங்கள் தருகிறோம். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓராண்டுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு மாதக் கட்டணம் கொடுப்பார்கள்.

நான்கு மாதங்கள்

எங்களுக்கு உணவுப் பொருள் விற்கும் கம்பெனி ஒன்று வாடிக்கையாளராக இருந்தது. பெயர் வேண்டாம். நான்கு ஆண்டுகள் ஒழுங்காக ஒப்பந்தம் எழுதி, ஒழுங்காகப் பணம் கொடுத்த கம்பெனி. எங்கள் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அங்கிருந்துதான் வந்தது. அதில் பெருமைப்பட்டேனே தவிர, பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2018 மார்ச்சு மாதம் நான்காவது ஒப்பந்தம் முடிந்தது. அந்தக் கம்பெனியின் மானேஜர் மிகவும் நல்ல மனிதர். தொலைபேசியில் அழைத்து, “வேலையை நிறுத்தாதீர்கள். காகிதம் மேலே போயிருக்கிறது, வந்துவிடும்” என்றார். நான்கு ஆண்டுப் பழக்கம். அவர் வீட்டுக் கணபதி பூஜைக்கு நான் போவேன். எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு அவர் வருவார். காகிதத்தைக் கேட்டு நச்சரிப்பது மரியாதையில்லை என்று நினைத்தேன். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என்று நான்கு மாதங்கள் வேலை செய்தோம். மாதம் 1,80,000 ரூபாய் வீதம் 7,20,000 ரூபாய்க்குப் பில் அனுப்பினோம்.

ஆகஸ்டு மாதம் அந்த மானேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் எங்கள் பில்களைத் திருப்பி அனுப்பினார். ஒப்பந்தம் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது, ஆர்டர் எண் எதுவும் இல்லை, ஆகவே பணம் கொடுக்க வழியில்லை என்று இரண்டே வரியில் கடிதம் வந்தது. நேரில் போனேன். அவர்களுடைய கணக்குப் பிரிவில் ஒரு முதியவர் இருந்தார். அவர் என்னை உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்துக் கொடுத்து, “நீங்கள் வேலை செய்தது எனக்குத் தெரியும். உங்கள் விளம்பரத்தை நானே பத்திரிகையில் பார்த்தேன். ஆனால் எந்த எண்ணின் கீழ் இதைப் பதிவேன்? சொல்லுங்கள்” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இதற்குள் இன்னொரு கஷ்டமும் சேர்ந்துகொண்டது. பில் எழுதிய மாதத்துக்குரிய ஜி.எஸ்.டி. வரியை அடுத்த மாதம் 20 ஆம் தேதிக்குள் நாங்கள் செலுத்திவிட வேண்டும். வாடிக்கையாளர் பணம் கொடுத்தாரா இல்லையா என்று சர்க்கார் கேட்பதில்லை. 7,20,000 ரூபாய்க்கு நூற்றுக்குப் பதினெட்டு வீதம் 1,29,600 ரூபாய் வரியை எங்கள் கையிலிருந்து கட்டியிருந்தோம். வராத பணத்துக்கு வரி. வராத பணத்தை நம்பிச் சம்பளம்.

செப்டம்பர் மாதச் சம்பளத்துக்கு என் மனைவி தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. எங்களிடம் ஆறு ஆண்டுகள் வேலை செய்த ஓவியர் ஒருவர், வீட்டில் குழந்தை பிறக்கப் போகிற சமயம், இனித் தாங்காது என்று சொல்லிக்கொண்டு விலகிப் போனார். அவரைத் தடுக்க எனக்கு உரிமையில்லை.

பல மாதங்கள் நடையாய் நடந்து, 2019 ஜூன் மாதம் ஐந்து லட்ச ரூபாய்க்குச் சமாதானமாயிற்று. வரியோடு சேர்த்து வரவேண்டியது 8,49,600. மீதி 3,49,600 ரூபாயை எழுதித் தள்ளினோம். அந்தக் கம்பெனி என்னை ஏமாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். முடிந்துபோன காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தவன் நான்தான்.

சட்டம் கை கொடுக்காதா?

கொடுக்கும். ஆனால் அதன் நடை மெதுவானது. வாய்மொழியாகச் செய்துகொண்ட ஒப்பந்தமும் நம் நாட்டில் செல்லும். 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் எல்லா ஒப்பந்தங்களும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அது மட்டுமன்று, அச்சட்டத்தின் 70 ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் இன்னொருவருக்கு நியாயமான முறையில் ஒரு வேலையைச் செய்து, அதன் பயனை மற்றவர் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது.

இதற்கு ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. 1944 ஆம் ஆண்டு வங்காளத்தில், ஆராம்பாக் முதலிய இடங்களில், உணவுப் பொருள் வழங்கும் இலாகாவுக்காகப் பி.கே. மண்டல் அண்டு ஸன்ஸ் என்ற காண்ட்ராக்டர் கம்பெனி கிடங்குகளும் பாதையும் அமைத்துக் கொடுத்தது. அதிகாரிகள் கேட்டார்கள், கம்பெனி செய்தது. ஆனால் சட்டம் கோரிய முறைப்படி ஒப்பந்தம் எழுதப்படவில்லை. 19 ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்காக வழக்கு நடந்தது. ஒப்பந்தம் செல்லாதென்றாலும் பயனை அனுபவித்த அரசாங்கம் 70 ஆம் பிரிவின்படி ஈடு கொடுத்தே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது 1961 டிசம்பரில். வேலை செய்ததற்கும் தீர்ப்புக்கும் இடையே 17 ஆண்டுகள்! நியாயம் கிடைத்தது உண்மை. ஆனால் எட்டுப் பேர் சம்பளத்தை எதிர்பார்க்கும் ஒரு சிறு ஏஜென்ஸி அத்தனை காலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க முடியுமா?

பெரியவர் சொன்ன யோசனை

அந்தச் சமயத்தில் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்திலேயே குடியிருந்த பெரியவர் ஒருவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். ஒரு ஆலையில் தலைமைக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“தம்பி, உன் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவருடைய ஒப்பந்தமும் எந்தத் தேதியில் முடிகிறது? சொல் பார்ப்போம்.”

பதினொரு வாடிக்கையாளர்களில் நான்கு பேருடைய தேதியைத்தான் என்னால் சொல்ல முடிந்தது.

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் ஊரில் சொல்வார்கள். நீ அளக்கவும் இல்லை, எந்த ஆற்றில் போடுகிறாய் என்று பார்க்கவும் இல்லை. நாளைக்கு ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கிக்கொண்டு வா” என்றார்.

மறுநாள் அவர் முன்னிலையில் கோடு போட்டோம். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பக்கம். ஒப்பந்தம் தொடங்கும் தேதி, முடியும் தேதி, எத்தனை நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும், மாதக் கட்டணம், வரி தனியா சேர்த்தா, பணம் எத்தனை நாளில் வரவேண்டும், கையொப்பமிட்டவர் யார், அவர் இல்லாவிட்டால் வேறு யாரைப் பார்ப்பது, கையொப்பமான காகிதம் எந்தக் கோப்பில் இருக்கிறது. இவ்வளவுதான். பிறகு நோட்டின் முதல் பக்கத்தில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, எந்த மாதத்தில் யாருடைய ஒப்பந்தம் முடிகிறது என்பதைச் சிவப்பு மசியில் குறித்தோம். பதினொன்றில் எட்டு மார்ச்சு மாதத்தில் முடிவதைப் பார்த்தபோதுதான் ஒவ்வொரு மார்ச்சும் எனக்கு ஏன் காய்ச்சல் வந்ததுபோல் இருந்தது என்று புரிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பேசிப் பேசி, மூன்று பேருடைய ஆண்டை ஜூலைக்கும் அக்டோபருக்கும் மாற்றிக்கொண்டோம்.

இன்று இதே விவரங்கள் கணினியிலும் கைப்பேசியிலும் இருக்கின்றன. குறித்த நாளில் மணியும் அடிக்கின்றன. ஆனாலும் அந்த நீள நோட்டை நான் எடுத்துவிடவில்லை. மணியை அமர்த்திவிட்டு மறந்துபோகலாம். மேஜைமேல் விரிந்து கிடக்கும் சிவப்புக் குறியைத் தாண்டிப் போவது கடினம்.

ஒப்பந்தத்தில் எதை அளப்பது?

புதுப்பிக்கத் தகுந்த ஒப்பந்தமாக இருந்தால்தான் புதுப்பிப்பதில் லாபம். முதலில் அளக்க வேண்டியது வேலையின் அளவு. “வேண்டிய விளம்பர வேலைகள் அனைத்தும்” என்று எழுதினால் அதற்குக் கரையே கிடையாது. ஒரு வாடிக்கையாளருக்கு மாதம் 60,000 ரூபாய்க்குப் பன்னிரண்டு விளம்பரங்கள் என்று பேசியிருந்தோம், எழுதவில்லை. ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்தால் சராசரியாக மாதம் பத்தொன்பது செய்திருந்தோம். ஒரு விளம்பரத்துக்கு 5,000 ரூபாய் என்று நினைத்தது 3,158 ரூபாயாக இறங்கிப்போயிருந்தது. இப்போது எண்ணிக்கையை எழுதுகிறோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை திருத்தம், மூன்றாவது திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் என்றும் எழுதுகிறோம். இதனால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் ஏழு முறை திருத்தியவர்கள் இரண்டு முறையில் முடிவுக்கு வருகிறார்கள்!

இரண்டாவது வரி. “எல்லாம் சேர்த்து 50,000” என்று எழுதியிருந்தால், அதற்குள்ளிருந்தே நூற்றுக்குப் பதினெட்டு வரி போகும். நம் கைக்கு நிற்பது 42,373 ரூபாய்தான். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் வரையில் வரிப் பதிவு இல்லாமல் இருந்த சிறு தொழில்கள், அந்த வரம்பைத் தாண்டும் ஆண்டில் இந்தப் பள்ளத்தில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். “வரி நீங்கலாக” என்ற இரண்டு சொற்கள் மாதம் 7,627 ரூபாயைக் காப்பாற்றும்.

மூன்றாவது உரிமை. எங்கள் தொழிலுக்கு இது மிக முக்கியம். 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்துச் செய்வித்த ஒளிப்படம், ஓவியம் போன்றவற்றின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், செய்வித்தவரையே சேரும். எழுத்துக்கு அப்படியில்லை; அதன் உரிமையை எழுதித் தந்து கையொப்பமிட்டால்தான் மாறும். அப்படி எழுதும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே வைத்துக்கொள்கிறது. நாம் எழுதாமல் விட்ட இடத்தைச் சட்டம் தன் போக்கில் எழுதி நிரப்பிவிடுகிறது. ஆகவே, இந்த வாசகம் எத்தனை காலத்துக்கு, எந்த ஊர்களில், எந்தெந்த ஊடகங்களில் என்று நாங்கள் எழுதுகிறோம். உரிமைக் காலம் முடியும் நாளும் நோட்டில் சிவப்புக் குறி பெறுகிறது. அதுவும் ஒரு புதுப்பித்தல்தானே.

நான்காவது விலகும் வழி. எந்தப் பக்கமிருந்தும் அறுபது நாள் அறிவிப்பு என்று எழுதுவது எங்கள் வழக்கம். அந்த அறுபது நாளில் எட்டுப் பேருக்கு மாற்று வேலை தேடிக்கொள்ளலாம். சில கம்பெனிகள், ஒப்பந்தம் முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் தங்கள் போட்டிக் கம்பெனிக்கு வேலை செய்யக் கூடாது என்று வாசகம் சேர்ப்பார்கள். ஒப்பந்தக் காலத்துக்குள் அப்படிக் கேட்பது வேறு. முடிந்த பிறகும் ஒருவருடைய தொழிலைத் தடுக்கும் வாசகம் பொதுவாகச் செல்லாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு. பயந்து கையொப்பமிடாமல், அந்த வரியை எடுத்துவிடும்படி பணிவாகக் கேட்கலாம்.

புதுப்பித்தல் எப்போது தொடங்குகிறது?

ஒப்பந்தம் முடிவதற்குத் தொண்ணூறு நாளைக்கு முன்பு நாங்கள் வாடிக்கையாளரைப் பார்க்கப் போகிறோம். பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த ஆண்டு என்ன செய்தோம் என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். எத்தனை விளம்பரங்கள், எவை நன்றாக எடுபட்டன, எவற்றில் நாங்கள் தாமதம் செய்தோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். நம் பிழையை நாமே எழுதிவிட்டால் எதிரே இருப்பவர் அதைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். இந்தக் காகிதம் மானேஜர் மாறினாலும் கோப்பில் நிற்கும். 2018 இல் அப்படி ஒரு காகிதம் கோப்பில் இருந்திருந்தால், புதிதாக வந்தவருக்கு நாங்கள் யார் என்றாவது தெரிந்திருக்கும்.

அறுபதாவது நாள் புதிய ஒப்பந்தத்தின் நகலையும் புதிய கட்டணத்தையும் அனுப்புகிறோம். கட்டணத்தை உயர்த்திக் கேட்கக் கூச்சப்படுவது நம்மவருக்கு இயல்பு. என் கூச்சத்தைப் போக்கியது ஒரு சிறு கணக்கு. ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வீதம் செலவு ஏறினால், இன்று ஒரு லட்சத்தில் நடக்கும் வேலைக்கு ஐந்து ஆண்டு கழித்து 1,33,823 ரூபாய் செலவாகும். கட்டணம் மட்டும் ஒரு லட்சத்திலேயே நின்றால் அந்த 33 ஆயிரத்தை யார் கொடுக்கிறார்கள்? நம்மிடம் வேலை செய்பவர்கள் கொடுக்கிறார்கள். வராத சம்பள உயர்வாகக் கொடுக்கிறார்கள். இதை உணர்ந்த பிறகு, ஆண்டுதோறும் இத்தனை சதவீத உயர்வு என்று முதல் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுகிறோம். பிறகு ஒவ்வோராண்டும் கேட்கும் சங்கடமே இல்லை.

முப்பதாவது நாள் கையொப்பத்துக்குரிய நாள். அதற்குள் வராவிட்டால் மேலதிகாரியையும் சேர்த்து ஒரு கடிதம் போகும். கடைசி நாள் வரையில் வராவிட்டால், “பழைய நிபந்தனைகளின்படியே இன்னும் முப்பது நாள் வேலை தொடரச் சம்மதம்” என்று அவர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சலாவது கேட்டு வாங்குகிறோம். ஒப்பந்தம் மின்னணு வடிவில் இருப்பதனாலேயே செல்லாமற் போகாது என்று 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 2008 ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியிருக்கிறது. அந்த ஒரு வரியும் வராவிட்டால் வேலையை நிறுத்துகிறோம். முதல் முறை நிறுத்தியபோது என் கை நடுங்கியது. மறுநாள் மாலைக்குள் கையொப்பத்தோடு ஒப்பந்தம் வந்தது. அது அவர்களுடைய மேஜையில்தான் மூன்று வாரமாகக் கிடந்திருக்கிறது!

“யாரும் மறுக்காவிட்டால் தானாகவே புதுப்பிக்கப்படும்” என்ற வாசகத்தைச் சிலர் விரும்புவார்கள். வசதியானதுதான். ஆனால் குறைந்த கட்டணமும் அதோடு சேர்ந்து தானாகவே புதுப்பிக்கப்படும் என்பதை மறக்கக் கூடாது. அறிவிப்புக் கொடுக்க வேண்டிய கடைசி நாளை நோட்டில் குறிக்காதவர்களுக்கு அந்த வாசகம் ஆகாது.

பணம் வரும் வழி

சிறு தொழில் நடத்தும் நம் அன்பர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. அது 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். குறுந்தொழிலோ சிறுதொழிலோ செய்து கொடுத்த வேலைக்கு, ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்கிறது அது. தவணை எதுவும் எழுதாவிட்டால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். தகராறு வந்தால் ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென அமைந்துள்ள மன்றத்தில் முறையிடலாம்.

இந்தப் பாதுகாப்பைப் பெற உத்யம் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் அந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. தகராறு வந்த பிறகு பதிவது கண் கெட்ட பின் செய்யும் சூரிய நமஸ்காரம். முன்னதாகவே பதிந்து, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட்டுவிடுவது உத்தமம். 2018 இல் அதற்கு முந்தைய பதிவு முறை நடப்பில் இருந்தும் நான் அதைச் செய்துகொள்ளவில்லை. மேலும், 2023 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் செய்த திருத்தத்தால், குறுந்தொழில்களுக்கும் சிறுதொழில்களுக்கும் உரிய காலத்தில் பணம் கொடுக்காத கம்பெனி, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். ஆகவே மார்ச்சு மாதத்தில் இப்போது நம் பாக்கியை அவர்களே நினைவு வைத்துக்கொள்கிறார்கள்.

பழைய பாக்கிக்கும் ஒரு காலம் உண்டு. 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இத்தகைய பாக்கிக்கு மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அந்தக் காலம் முடிவதற்குள், “இவ்வளவு தர வேண்டியது உண்மை” என்று அவர்கள் எழுதிக் கையொப்பமிட்டால், அந்த நாளிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். ஆகவே ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் வாரத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் பாக்கி ஒப்புதல் கடிதம் ஒன்று வாங்கிக் கோப்பில் வைக்கிறோம். கேட்பதற்கு ஒரு நிமிஷம்; பாதுகாப்பு மூன்று ஆண்டு.

மீண்டும் அந்த முதியவர்

இவற்றையெல்லாம் செய்தும் வாடிக்கையாளர்களை இழக்காமல் இருக்கவில்லை. சென்ற சில ஆண்டுகளில் இரண்டு பேர் புதுப்பிக்கவில்லை. ஒருவரை நாங்களே புதுப்பிக்கவில்லை. ஆனால் மூன்று முறையும் அறுபது நாளைக்கு முன்னதாகத் தெரிந்திருந்தது. யாருடைய சம்பளமும் தவறவில்லை. எந்த ஒரு வாடிக்கையாளரும் எங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடாமலும் பார்த்துக்கொள்கிறோம். என் மனைவியின் வளையல்களை 2020 ஜனவரியில் மீட்டுக் கொடுத்தேன்.

அந்தக் கணக்குப் பிரிவு முதியவரைப் பிறகு ஒரு முறை சந்தித்தேன். ஓய்வு பெற்று, தம் மருமகன் நடத்தும் சிறு கம்பெனிக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குத் தமிழில் விளம்பரம் வேண்டியிருந்தது, எங்களைத்தான் கூப்பிட்டார். தேநீர் வந்தது. நான் ஒப்பந்தத்தை நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, முதல் பக்கத்தை விட்டுவிட்டு, நேரே முடியும் தேதி எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினார். அதன் கீழே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகு என்னைப் பார்த்து, “இப்போது பதிவதற்கு ஓர் எண் இருக்கிறது” என்று சொல்லிச் சிரித்தார்.

நம் வீட்டுப் பிள்ளைகள் தொழில் தொடங்கும்போது நாம் கணபதி ஹோமம் செய்கிறோம். பெயர்ப் பலகைக்கு மாலை போடுகிறோம். அத்தோடு ஒரு நீளக் கணக்கு நோட்டையும் ஒரு சிவப்புப் பென்சிலையும் வாங்கிக் கொடுத்துவிட்டால், பின்னால் வளையல்களைக் கழற்ற வேண்டியிராது.